எழுதுகோல் உயர்த்தப்பட்டவன்

வேலூரில் தொரப்பாடி என்றால் மத்திய சிறை. அதை அடுத்த பாகாயம் என்றால் சி.எம்.சி.யின் மனநல மையம். 1957இல் தொடங்கிய அந்த மையத்தில் நோயாளியோடு வீட்டார் ஒருவரும் உடன் தங்குவது வழக்கம். மாத்திரையை விழுங்கினானா, தூங்கினானா என்று பார்த்துக்கொண்டு தாயோ தகப்பனோ மனைவியோ கூடவே இருப்பார்கள். சிறையில் இருப்பவனை மனு போட்டுத்தான் பார்க்க முடியும். ஒரே வியாதிக்காரன் இந்த இரண்டு வாசல்களில் எதில் இறக்கப்படுகிறான் என்பதை வியாதியின் கடுமை தீர்மானிப்பதில்லை. அது முற்றிய அந்த ஒரு நாளில் அவன் கைக்கெட்டும் தூரத்தில் யார் நின்றிருந்தார் என்பதுதான் தீர்மானிக்கிறது.

நான் மேல்விஷாரத்துக்காரன். அத்தா ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஷாப்பில் கணக்கு எழுதினார். நான் வக்கீலுக்குப் படித்து, கிரிமினல் பக்கம் நின்றுவிட்டேன். வக்கீல் வைக்க வசதியில்லாத எதிரிகளுக்காக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு ஒப்படைக்கும் வழக்குகளே என் தொழிலில் பெரும்பகுதி. புத்தி கலங்கியவனைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கலாமா என்ற கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. எங்கள் மார்க்கத்திலும் இருக்கிறது. இரண்டும் கூடாது என்றே சொல்கின்றன. என்னை விடாமல் பிடித்திருப்பது அதற்கு அடுத்த கேள்வி. அவன் தலையிலிருந்து இறக்கப்பட்ட பொறுப்பு எங்கே போகிறது? ஒரு மனிதன் செத்திருக்கிறான், அவன் வீட்டில் அடுப்பு அணைந்திருக்கிறது. அடித்தவன் பொறுப்பில்லை என்றால், யாருமே பொறுப்பில்லை என்று ஆகிவிடுமா?

இந்தக் கேள்வியை எனக்குள் போட்டவன் ஆம்பூர்ப் பக்கம் ஒரு டேனரியில் டிரம் ஓட்டிக்கொண்டிருந்தான். பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிர் நீக்கி, சவ்வு சீவி, டிரம்மில் குரோம் கரைசலோடு போட்டுச் சுழற்றினால் நீலம் பாரித்த ஈரத்தோலாக வெளியே வரும். வெட் புளூ என்பார்கள். ராத்திரி ஷிப்டில் அந்தப் பெரிய மர டிரம் மணிக்கணக்கில் ஓயாமல் சுழலும். உள்ளேயிருந்து யாரோ தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதாக அவன் சொல்ல ஆரம்பித்தபோது, கூட வேலை செய்தவர்கள் தூக்கக் கலக்கம் என்று நினைத்திருக்கிறார்கள்.

அவனுடைய அம்மா ஷூ கம்பெனியில் பேஸ்டிங் வேலை செய்பவர். மகனைச் சோளிங்கருக்கு அழைத்துப்போனார். மனம் கலங்கியவர்களைத் தக்கான் குளத்தில் குளிக்கவைத்து மலையேற்றி யோக நரசிம்மரையும் எதிர்மலை ஆஞ்சநேயரையும் சேவிக்கவைப்பது எங்கள் ஜில்லாவில் தலைமுறை தலைமுறையாக நடப்பது. பிறகு ஆற்காட்டில் டிப்பு மஸ்தான் அவுலியா தர்காவுக்கும் கூட்டிவந்தார். டாக்டரிடமும் காட்டாமல் இல்லை. மாத்திரை கொடுத்தார்கள், குணம் தெரிந்தது. ஆனால் அந்த மாத்திரை தூக்கத்தைக் கொண்டுவந்தது. ராத்திரி ஷிப்டில் சுழலும் டிரம்முக்குப் பக்கத்தில் தூங்கி விழுந்தால் கை போகும், இல்லாவிட்டால் வேலை போகும். அவன் மாத்திரையை நிறுத்தினான். இதில் எந்த இடத்தில் யார் செய்தது தப்பு என்று இன்றுவரை என்னால் விரல் வைக்க முடியவில்லை.

ஒரு பின்னிரவில், பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்தவரை இரும்புத் தடியால் தலையில் அடித்தான். அவர் இவனுடைய தெருக்காரர். இவனுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

செஷன்ஸ் கோர்ட்டில் சார்ஜ் வாசித்த நாளில் நீதிபதி அவனிடம், கொலை செய்ததாக உன் மேல் குற்றச்சாட்டு, ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார். "தண்ணி மாத்திட்டேன் சார், இன்னும் ரெண்டு மணி நேரம் ஓடணும்" என்றான். என்னைக் காட்டி இவர் யார் என்று கேட்டார். "சூப்பர்வைசர்" என்றான். அரசு வக்கீல் எழுந்து, நடிக்கிறான் என்றார். அப்படிச் சொல்வது அவருடைய கடமை, அதில் எனக்கு வருத்தமில்லை. நடிப்பவர்களும் உண்டு. அதனால்தான் வக்கீல் சொல்வதையோ போலீஸ் சொல்வதையோ நம்பாமல் டாக்டர்களின் பார்வையில் சில காலம் வைக்கச் சொல்கிறது சட்டம். கூண்டில் கால்மணி நேரம் நடிக்கலாம். வார்டில் ராத்திரியும் பகலும், சாப்பாட்டிலும் தூக்கத்திலும், பார்ப்பவர் யாரென்று தெரியாமல் வாரக்கணக்கில் நடிப்பது கடினம். அவனைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். 1794இல் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் தொடங்கி இன்று அரசு மனநலக் காப்பகமாக இருக்கும் அந்த இடத்திலிருந்து, தற்காத்துக்கொள்ளும் நிலையில் இவன் இல்லை என்று அறிக்கை வந்தது. விசாரணை நின்றது.

அப்போது அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 329ஆவது பிரிவு. 2024 ஜூலை முதல் நாளிலிருந்து பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 368. எண் மாறினாலும் விஷயம் அதேதான். சட்டம் இங்கே இரண்டு வெவ்வேறு நேரங்களைப் பார்க்கிறது என்பதை என் கட்சிக்காரர்களுக்குப் புரியவைக்க எப்போதும் சிரமப்படுகிறேன். அடித்த நேரத்தில் தான் செய்வது என்னவென்றோ, அது தப்பென்றோ அறிய முடியாத புத்திக் கலக்கம் இருந்ததா என்பது ஒரு கேள்வி. இந்தியத் தண்டனைச் சட்டம் 84, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 22. இன்று கூண்டில் நிற்கும்போது வழக்கைப் புரிந்துகொண்டு, வக்கீலுக்கு விவரம் சொல்லி, தன்னைத் தற்காத்துக்கொள்ள முடிகிறதா என்பது வேறொரு கேள்வி. முதலாவதை விசாரணையின் முடிவில்தான் தீர்மானிக்க முடியும். இரண்டாவதைத் தீர்க்காமல் விசாரணையைத் தொடங்கவே கூடாது. அடித்தபோது தெளிவாக இருந்தவன் இன்று கலங்கியிருக்கலாம். அன்று கலங்கியிருந்தவன் இன்று தெளிந்திருக்கலாம்.

இறந்தவருடைய மனைவியிடம் இதையெல்லாம் யார் விளக்குவது? வாய்தா முடிந்து வராந்தாவில் நின்றபோது என்னைப் பார்த்து அந்த அம்மா கேட்டார்: "எம் புருஷன அடிக்கறப்போ மட்டும் அவன் கையி நல்லாத்தானே இருந்துச்சு பாய்?" நான் எதிரியின் வக்கீல். அவரோடு வழக்கைப் பேசக்கூடாது. பேசலாம் என்றிருந்தாலும் அன்று என்னிடம் பதில் இருந்திருக்காது.

சின்ன வயதில் எங்களுக்குப் பாடம் நடத்திய ஹஜ்ரத் வேலூர் பாக்கியாத் மதரஸாவில் ஓதியவர். மனிதன் செய்வதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கும் வானவர்களின் எழுதுகோல் மூன்று பேரைப் பொறுத்தவரை உயர்த்தப்பட்டிருக்கிறது என்று நபிகள் நாயகம் சொன்னதாக வரும் ஹதீஸை அவரிடம்தான் கேட்டேன். தூங்குகிறவன், விழிக்கும்வரை. குழந்தை, பருவம் அடையும்வரை. புத்தி பேதலித்தவன், தெளியும்வரை. அதோடு சேர்த்து அவர் சொன்ன சம்பவம் அபூதாவூதின் தொகுப்பில் இருக்கிறது. கலீபா உமர் அவர்களிடம் புத்தி சுவாதீனமில்லாத ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள், விபசாரக் குற்றம். ஆலோசித்து மரண தண்டனை விதித்தாகிவிட்டது. நிறைவேற்றக் கொண்டுபோகும் வழியில் அலீ அவர்கள் எதிர்ப்பட்டு, என்ன விஷயம் என்று கேட்டு, திருப்பி அழைத்துவரச் செய்து, இந்த மூவரைப் பற்றி உமருக்கு நினைவூட்டினார். உமர் உடனே அவளை விட்டுவிட்டார். ஆட்சியாளருக்கு, அதுவும் நீதிக்குப் பெயர்பெற்ற ஆட்சியாளருக்கு, வழியில் போன ஒருவர் நினைவூட்டித்தான் அந்த உயிர் பிழைத்தது. என் தொழிலில் எனக்குச் சோர்வு வரும் நாட்களில் அந்த வழியில் போன மனிதரை நினைத்துக்கொள்வேன்.

இன்னொன்றும் உண்டு. மாஇஸ் என்பவர் தாமாக வந்து நபிகளிடம் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, உனக்குப் புத்தி பேதலித்திருக்கிறதா என்று அவரிடமே கேட்டார்கள். அவருடைய கூட்டத்தாரிடமும் ஆள் அனுப்பி, இவர் அறிவில் ஏதாவது கோளாறு உண்டா என்று விசாரித்தார்கள். ஒப்புதல் வாக்குமூலத்தை ஏற்பதற்கு முன்பாகவே நடந்த விசாரணை இது. இதே கேள்வியை இங்கிலாந்து நீதிமன்றம் ஒரு செவிட்டு ஊமை மனிதனின் வழக்கில் சூத்திரமாக வகுத்தது 1836இல்.

விசாரணை என்பது ஒரு கேள்வியும் அதற்கு ஒரு பதிலும். பதில் சொல்லக்கூடியவன் அங்கே இருக்க வேண்டும். மதுரையில் கோவலனைக் கொன்ற அநியாயத்தின் வேர் அவன் நிரபராதி என்பதில் மட்டும் இல்லை, அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதிலும் இருக்கிறது. அவனிடம் கேட்காத கேள்விக்குப் பதிலைக் கண்ணகி சிலம்போடு கொண்டுவந்து சேர்த்தாள், அவன் செத்த பிறகு. புத்தி கலங்கியவனை நிறுத்தி வைத்து நடத்தும் விசாரணையும் கோவலனுக்கு நடந்ததுதான்; உடம்பு மட்டும் கூண்டில் இருக்கும். நம்முடைய புதிய நடைமுறைச் சட்டம் 356ஆவது பிரிவில், வேண்டுமென்றே தலைமறைவான பிரகடனக் குற்றவாளியை அவன் இல்லாமலே விசாரிக்க வழி செய்திருக்கிறது. ஓடியவன் தன் உரிமையைத் தானே கைவிட்டான் என்ற நியாயம் அதற்கு. புத்தி ஓடிப்போனவன் எதையும் கைவிடவில்லை.

இதுவரை எனக்கு எந்தச் சிக்கலும் இல்லை. நிறுத்திய விசாரணைக்குப் பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது.

அசாமின் மொரிகாவ் மாவட்டத்தில் மச்சால் லாலுங் என்ற பழங்குடி மனிதரை 1951இல் பிடித்தார்கள். வயது 23. யாரையோ கொடுங்காயப்படுத்தியதாகக் குற்றச்சாட்டு. மனநிலை சரியில்லை என்று தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். 1967இல் அவர் தேறிவிட்டார் என்று மருத்துவமனை தெரிவித்தது. வீட்டுக்கு அனுப்பவில்லை, குவாஹாட்டி சிறைக்கு மாற்றினார்கள். அங்கே அவரை மறந்தார்கள். தேசிய மனித உரிமைகள் ஆணையம் தலையிட்டு 2005இல் ஒரு ரூபாய் சொந்தப் பிணையில் வெளியே வந்தபோது அவருக்கு 77 வயது. 54 ஆண்டுகளில் விசாரணை நடக்கவேயில்லை. உச்ச நீதிமன்றம் அவருக்கு 3 லட்சம் ரூபாய் இழப்பீடும் மாதம் 1,000 ரூபாயும் கொடுக்கச் சொன்னது. 2007இல் இறந்துவிட்டார். அவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்தது என்று தள்ளிவிட முடியாது. 1982இல் வீணா சேத்தி வழக்கில் ஹசாரிபாக் சிறையைப் பற்றி நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பைப் படித்தால், புத்தி தெளிந்த பிறகும் இருபது முப்பது ஆண்டுகளாக உள்ளேயே கிடந்தவர்கள் வரிசையாக வருகிறார்கள்.

மச்சால் லாலுங் குற்றவாளி என்று தீர்ப்பாகியிருந்தால் எப்போதோ வெளியே வந்திருப்பார். குற்றம் சுமத்த முடியாதவர் என்பதாலேயே ஆயுளின் பெரும்பகுதி உள்ளே இருந்தார். வானவர் எழுதுகோலை உயர்த்திவிட்டார், பூட்டைத் திறக்கும் வேலை மனிதர்களிடம் இருந்தது. அவரைத் தெளியவைப்பதும், தெளிந்தாரா என்று கேட்பதும், தெளிந்த பிறகு அழைத்து விசாரிப்பதும் ஆரோக்கியமான புத்தியுள்ள எத்தனையோ பேரின் வேலையாக இருந்தது. மாஜிஸ்ட்ரேட், ஜெயிலர், டாக்டர், குமாஸ்தா, ஊரார். அவர்களில் ஒருவர் மேலிருந்தும் எழுதுகோல் உயர்த்தப்படவில்லை.

ஹஜ்ரத் சொன்ன ஹதீஸில் மூவருக்கும் ஓர் எல்லை வைக்கப்பட்டிருப்பதை நான் வெகுநாள் கவனிக்காமல் இருந்தேன். தூங்குகிறவன் தானாக விழித்துக்கொள்வான். குழந்தை அப்படி வளராது. பால் கொடுத்து, சோறு ஊட்டி, நடக்கப் பழக்க ஒருவர் வேண்டும். மூன்றாமவன் குழந்தையின் பக்கம்தான் நிற்கிறான் என்பது என் புரிதல். அவன் தெளிவதற்கு ஒருவர் கூட இருந்தாக வேண்டும். அவனுக்குக் கொடுத்த அவகாசம் நம் கையில் கொடுத்த வேலை. ஹனபி மத்ஹபின் சட்ட நூல்களில் இதற்கு ஆதாரம் உண்டு. புத்தி பேதலித்தவன் ஒருவனைக் கொன்றுவிட்டால் அவன் மேல் பழிவாங்கல் கிடையாது. ஆனால் இரத்த ஈட்டுத்தொகை கிடையாது என்று சொல்லவில்லை. அது அவனுடைய ஆகிலாவின் மேல், அதாவது அவனுடைய உறவுக் கூட்டத்தின் மேல், விழுகிறது. அவர்கள் எல்லோரும் சேர்ந்து செத்தவனின் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும். பொறுப்பு காற்றில் கரையவில்லை. ஒரு தலையிலிருந்து இறங்கிப் பல தலைகளின் மேல் ஏறியது.

நம் நாட்டுச் சட்டமும் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது, அதற்கு நாளாயிற்று. 2009இல் நடைமுறைச் சட்டத்தைத் திருத்தியபோது மூன்று நல்ல காரியங்கள் நடந்தன. மனநிலை சரியில்லை என்று கண்டதும் வழக்கை அப்படியே மூட்டை கட்டி வைக்காமல், எதிரியைக் கேள்வி கேட்காமல், அவனுடைய வக்கீல் சொல்வதைக் கேட்டு, வழக்கில் முகாந்திரமே இல்லையென்றால் நீதிமன்றம் விடுவிக்க வேண்டும். உள்நோயாளியாக வைக்க அவசியமில்லை என்று டாக்டர் சொல்லி, உறவினரோ நண்பரோ சிகிச்சைக்குப் பொறுப்பேற்றால் வெளியே விடலாம். மூன்றாவது, எதிரி விடுதலையானாலும் பாதிக்கப்பட்டவர் வாழ்வு சீராக வேண்டியிருந்தால் இழப்பீட்டுக்கு நீதிமன்றம் பரிந்துரைக்கலாம். அன்று 357ஏ, இன்று 396. ஆகிலா செய்ய வேண்டியதை அரசு செய்ய வேண்டும் என்று ஏற்றுக்கொண்ட பிரிவு என்றுதான் இதை நான் வாசிக்கிறேன். அரசு என்றால் வரி கட்டும் நாம் எல்லோரும்.

எதிர்வாதம் ஒன்று இருக்கிறது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆஸ்திரேலியாவில் மார்லன் நோபிள் என்ற பூர்வகுடி இளைஞர், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர், விசாரணைக்குத் தகுதியற்றவர் என்று 2003இல் முடிவாகிப் பத்தாண்டு அளவுக்குச் சிறையில் இருந்தார். தன் மேல் சொல்லப்பட்ட குற்றத்தைத் தான் செய்யவில்லை என்று நிரூபிக்கும் வாய்ப்பே அவருக்குக் கிடைக்கவில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. குழு 2016இல் இது உரிமை மீறல் என்றது. தகுதியில்லை என்று ஒதுக்குவதற்குப் பதில் உதவி செய்து விசாரணையில் பங்கேற்க வைத்திருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. கருணை என்ற பெயரில் ஒருவன் வாயை அடைக்கவும் முடியும் என்பது உண்மை. எங்கள் பக்கத்து கோர்ட்டுகளில் பீகார், ஒடிசா தோல் தொழிலாளிகள் கூண்டில் நின்று தமிழில் நடக்கும் சாட்சி விசாரணையைத் திருதிருவென்று பார்க்கும்போது இந்த வாதத்தின் பலம் எனக்குத் தெரிகிறது. அவர்களுக்கு வேண்டியது மொழிபெயர்ப்பாளர், ஒத்திவைப்பு இல்லை. அறிவு மெதுவாக வேலை செய்பவனுக்கும் அதேபோல மெதுவாக விளக்கிச் சொல்பவர் வேண்டும். ஆனால் டிரம்முக்குள்ளிருந்து குரல் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவனுக்கு எவ்வளவு மெதுவாக விளக்கினாலும் பயனில்லை. அவனுக்கு முதலில் மருந்து வேண்டும். அதனால் நிறுத்துவது சரி, கெடு இல்லாமல் நிறுத்துவது சரியில்லை என்பது என் நிலைப்பாடு. 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தியான் ஜாக்சன் வழக்கில் இதைத்தான் சொன்னது. காது கேளாத, வாய் பேச இயலாத, அறிவு வளர்ச்சி குன்றிய மனிதர் அவர். இரண்டு பெண்களிடம் பறித்ததாகச் சொல்லப்பட்டது மொத்தம் ஒன்பது டாலர் அளவு. தேறும்வரை வைத்திருங்கள் என்று உத்தரவிட்டார்கள். அவர் தேறவே வாய்ப்பில்லை. தேறும் வாய்ப்பு உண்டா என்று அறியத் தேவையான நியாயமான காலத்துக்கு மேல் இப்படி அடைத்து வைக்க முடியாது என்று நீதிமன்றம் தீர்த்தது.

மார்க்கத்தின் பக்கம் நின்று பேசும் நான் எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லியாக வேண்டும். ஆற்காட்டில் அடங்கியிருக்கும் டிப்பு மஸ்தான் இறைக்காதலில் தன்னை மறந்தவர் என்று மக்கள் போற்றுகிறார்கள். ஹைதர் அலி தம்பதியர் அங்கே வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளைக்குத்தான் திப்பு என்று பெயர் வைத்தார்கள். உலக நினைப்பு அற்றவனிடம் ஏதோ ஒரு வெளிச்சம் இருக்கலாம் என்ற மரியாதை எங்கள் மண்ணில் ஊறியது. தர்கா வாசலில் தனக்குத்தானே பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு யாராவது ஒருவர் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். ஆனால் அதே நம்பிக்கையின் நிழலில்தான் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், குணமாக்குவதாகக் கூட்டிவந்து சங்கிலியில் கட்டி வைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். எழுதுகோல் உயர்த்தப்பட்டவர்களின் காலில் விலங்கு பூட்டியவர்கள் எல்லோரும் தெளிந்த புத்தியோடுதான் பூட்டினார்கள். தொழுகையும் நேர்ச்சையும் ஒருவனுக்கு ஆறுதல் தரும், தரட்டும். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் உரிமை எந்தத் தலத்துக்கும் இல்லை.

டிரம் ஓட்டியவனின் வழக்குக்கு வருகிறேன். கீழ்ப்பாக்கத்தில் மருந்து வேலை செய்தது. குரல்கள் அடங்கின. தற்காத்துக்கொள்ளும் நிலையில் இருக்கிறான் என்று சான்று வந்தது. வழக்கு மறுபடி பட்டியலில் ஏறியது. சிறையில் அவனைப் பார்க்கப் போனேன். முகம் தெளிந்திருந்தது. வக்கீல் என்று தெரிந்து வணக்கம் சொன்னான். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டான். பிறகு அவனால் செத்தவரின் பெயரைச் சொல்லி, "அண்ணன் இன்னும் அந்தக் கம்பெனியிலதான் இருக்காரா சார்?" என்றான்.

எத்தனையோ பேர் அவன் காதுபட அதைச் சொல்லியிருப்பார்கள். கேட்கும் நிலையில் அவன் இருந்ததில்லை. நான் சொன்னேன். என் தொழிலில் அதைவிடக் கடினமான காரியம் எதையும் செய்ததில்லை. நோய் தெளிந்ததற்கு அவனுக்குக் கிடைத்த முதல் பரிசு அந்தச் செய்தி. கலங்கியவனைத் தெளியவைத்து, தெளிந்த பிறகு அவன் தலையில் இதை இறக்குவது நியாயமா என்று அந்த வாரம் முழுவதும் எனக்குள் ஓடியது. அவனை அப்படியே விட்டிருந்தால் துக்கமில்லாமல் இருந்திருப்பான். ஆனால் துக்கப்படத் தெரிந்த மனிதனாக அவனைத் திருப்பிக் கொடுத்ததுதான் அவனுக்கு நாம் செய்த மரியாதை என்று இப்போது நினைக்கிறேன். இதற்கு மேல் அதை நிரூபிக்க என்னிடம் வாதமில்லை.

சாட்சி விசாரணை முடிந்து நீதிபதி அவனை நேரடியாகக் கேட்டபோது, எனக்கு ஞாபகம் இல்லை, ஆனால் என் கைதான் அடித்திருக்கிறது என்றான். தற்காப்பு வக்கீலாக நான் சொல்லிக் கொடுத்தது அதுவல்ல. தடுக்கவும் எனக்கு மனம் வரவில்லை. பழைய மருந்துச் சீட்டுகளும் டாக்டரின் சாட்சியமும் அம்மாவின் சாட்சியமும் இருந்தன. செயலைச் செய்தவன் இவனே, செய்த நேரத்தில் அறியும் நிலையில் இல்லை என்று இரண்டையும் பதிவு செய்து 84இன் கீழ் விடுதலை கிடைத்தது.

அந்த விடுதலையோடு அவன் வீட்டுக்குப் போய்விட முடியாது. பாதுகாப்பான இடத்தில் வைக்க வேண்டும், அல்லது பொறுப்பேற்கும் உறவினரிடம் ஒப்படைக்க வேண்டும். அம்மா முன்வந்தார். "நான் இருக்கிற வரிக்கும் பாத்துக்குறேன் சார். எனக்கப்புறம் யாரு?" என்று அவர் கேட்டதற்கு நீதிமன்றத்தில் யாரிடமும் பதில் இல்லை. சொந்த அண்ணன் கையெழுத்துப் போட மறுத்துவிட்டான். பிள்ளைகள் இருக்கிற வீடு என்றான், அவனைக் குறை சொல்ல மாட்டேன். கடைசியில் ஒரு சித்தப்பா மகன் அம்மாவோடு சேர்ந்து பொறுப்பேற்றான். மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் வரும் நாளில் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மாதாமாதம் ஊசி போட்டு வருகிறார்கள். டேனரிக்கு அவன் திரும்பவில்லை. அந்தத் தெருவிலும் குடியிருக்க முடியவில்லை.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, தன் சிறையில் மனநோயாளிகள் யாரும் இல்லை என்று சிறை மருத்துவர் காலாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு வாரியத்துக்குச் சான்று அனுப்ப வேண்டும் என்கிறது. அதே அளவு கண்டிப்போடு கோர்ட்டுகளிலும் ஒரு பதிவேடு வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். எந்த வழக்கு மனநிலை காரணமாக நின்றது, எந்தத் தேதியில் நின்றது, கடைசியாக அவனை டாக்டர் பார்த்தது எப்போது, நின்ற காலம் அவனுக்குக் கிடைத்திருக்கக்கூடிய தண்டனையில் எவ்வளவு. நாலு கட்டம் போட்ட ஒரு நோட்டு போதும். மச்சால் லாலுங்கின் பெயர் அப்படி ஒரு நோட்டில் இருந்திருந்தால், 1967இல் யாராவது ஒரு குமாஸ்தா பக்கத்தைத் திருப்பும்போது கண்ணில் பட்டிருக்கும்.

இறந்தவருடைய மனைவி இப்போது ஷூ கம்பெனி வேனில் வேலைக்குப் போகிறார். இழப்பீட்டு மனுவை அவருக்காக நான் போட முடியாது, எதிர்த்தரப்பில் நின்றவன். வேறு அலுவலகத்து இளம் வக்கீல் ஒரு பெண் தயார் செய்தார். மனு டைப் ஆகிவிட்டது, அந்த அம்மா கையெழுத்துப் போடவில்லை. "காசு வாங்கிக்கினா அவன மன்னிச்சிட்டேன்னு ஆயிடுமா?" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண் என்ன சொல்வதென்று தெரியாமல் என்னிடம் வந்து, ஹஜ்ரத் யாரையாவது கேட்டுச் சொல்லுங்கள் சார் என்றார். கேட்க வேண்டியதில்லை, எனக்கே தெரியும் என்றேன். இந்தப் பணம் அவன் கொடுப்பதில்லை, நாம் எல்லோரும் அவருக்குப் பட்ட கடன். மன்னிப்பது அவர் ஒருவருக்கு மட்டுமே உள்ள உரிமை; மன்னிக்காமல் இருப்பதும் அப்படியே. ஒன்றை வாங்கினால் மற்றது கொடுத்ததாக ஆகாது, எங்கள் நூல்களிலும் ஆகாது, அரசாங்கச் சட்டத்திலும் ஆகாது. இதை அப்படியே போய்ச் சொல்லச் சொன்னேன். அந்த அம்மா கேட்டுவிட்டு, மன்னிக்கவில்லை என்று மனுவிலேயே ஒரு வரி எழுத முடியுமா என்றாராம். அந்தப் பெண் எழுதிக் கொடுத்தார். மனு இப்போது ஆணைக்குழுவின் முன் இருக்கிறது.